நின்ஜா 1000க்கு சைலன்சர் மாத்துறது: முதல் நட்டுல இருந்து ரீ-டார்க் வரைக்கும்

பார்க்கிங்ல நின்னுகிட்டு ரெண்டு தடவ ரேஸ் பண்ணும்போது கேக்குற சத்தம் வேற, ஹெல்மெட்டுக்குள்ள மூணு மணி நேரம் கேக்குற சத்தம் வேற. இத நான் பணத்த குடுத்துதான் கத்துக்கிட்டேன். முதல்ல வாங்குன சைலன்சர் செட்டு வீட்டு வாசல்ல கேக்க அவ்ளோ சூப்பரா இருந்துச்சு, பக்கத்து வீட்டு பசங்க எல்லாம் வந்து பாத்தானுங்க, அதே பைக்க எடுத்துட்டு பெங்களூர் ரோட்ல போனா வேலூர் தாண்டுறதுக்குள்ள தலைக்குள்ள யாரோ மிக்ஸி ஓட்டுற மாதிரி ஆயிடுச்சு. ஆறாவது கியர்ல 100ல போறப்ப இன்ஜின் 4000 சொச்சம் ஆர்பிஎம்ல ஓடும், சரியா அந்த இடத்துலதான் அந்த சைலன்சர் "ம்ம்ம்ம்"னு உறும ஆரம்பிச்சுது. டூரிங் பைக்ல நம்ம வாழ்க்கையே அந்த ஆர்பிஎம்லதான் ஓடுது. அதனால யூடியூப்ல ஐடில் சத்தத்தையும் ஃப்ளைபை சத்தத்தையும் கேட்டு முடிவு பண்ணாதீங்க, அதே செட்டு போட்ட யாரையாவது புடிச்சு, கெஞ்சியாவது, ஹைவேல ஒரு அம்பது கிலோமீட்டர் ஓட்டி பாத்துட்டு வாங்குங்க.

நான் சொல்றது 2017 கவாஸாகி நின்ஜா 1000 பைக் வச்சு, 1043 சிசி, நாலு சிலிண்டர், ரெண்டு பக்கமும் ரெண்டு சைலன்சர். 2020ல வந்த எஸ்எக்ஸ் மாடல்ல ஒத்தை சைலன்சரா மாத்திட்டாங்க, அதுல வேலை பாதிதான். வேற ஸ்போர்ட் டூரர் (வேகமாவும் போகும், தூரமாவும் போகலாம்ங்கிற வகை பைக்) வச்சிருந்தாலும் வேலையோட வரிசை ஒண்ணுதான், நட்டு சைஸும் டார்க்கும் (எவ்ளோ இறுக்கணும்ங்கிற அளவு) தான் மாறும்.

மொதல்ல சட்டம்

இத கடைசில சொன்னா யாரும் படிக்க மாட்டாங்க, அதான் முன்னாடியே. 2019 ஜனவரில உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவ வச்சு, கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷன மாத்துற மாதிரி வண்டிய ஆல்டர் பண்ண முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபா ஃபைன் இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், சில சமயம் ரெண்டும். சத்தம், புகைன்னு 190(2)ல புடிச்சா முதல் தடவையே 10,000 ரூபா வரைக்கும் போகலாம், கூடவே மூணு மாசம் லைசென்ஸ் போயிடும். 175 சிசிக்கு மேல இருக்குற பைக்குக்கு கம்பெனி லெவல்ல சத்த அளவு 80 டெசிபல். யூரோப்ல இருந்து வர்ற சைலன்சர் மேல ஒரு வட்டத்துக்குள்ள ஈ-ன்னு முத்திரை அடிச்சிருக்கும், அது அங்க உள்ள சட்டத்துக்கு, நம்ம ஊர் டிராஃபிக் போலீஸ் கிட்ட காட்டுனா அவர் சிரிப்பார். கம்பெனி வாரண்டி மிச்சம் இருந்தா அதுக்கும் ஆபத்து. இவ்ளோ தெரிஞ்சும் பண்றதுன்னா அது உங்க ரிஸ்க், ஒண்ணு மட்டும் செய்யுங்க, டிபி கில்லர (சத்தத்த குறைக்க சைலன்சர் வாயில சொருகியிருக்குற குழாய்) கழட்டாதீங்க, ராத்திரி தெருவுக்குள்ள வரும்போது குழந்தை எந்திரிச்சு அழுற வீடு எல்லா தெருவுலயும் ஒண்ணு இருக்கு.

ஸ்லிப்-ஆனா, ஃபுல் சிஸ்டமா

ஸ்லிப்-ஆன்னா பின்னாடி இருக்குற டப்பாவ மட்டும் மாத்துறது. ஃபுல் சிஸ்டம்னா இன்ஜின் ஹெட்ல இருந்து வர்ற ஹெடர் பைப்புல ஆரம்பிச்சு எல்லாமே.

ரெண்டுக்கும் இருக்குற வித்தியாசம் புரியணும்னா சைலன்சர்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரியணும். ஒவ்வொரு தடவ எக்ஸாஸ்ட் வால்வ் தொறக்கும்போதும் ஒரு அழுத்த அலை பைப்புக்குள்ள ஓடுது, பைப்பு எங்க அகலமாகுதோ இல்ல இன்னொரு பைப்போட சேருதோ அங்க இருந்து ஒரு உறிஞ்சுற அலை திரும்பி வருது, அது சரியான நேரத்துல வால்வுக்கு வந்து சேந்தா சிலிண்டர்ல மிச்சம் இருக்குற புகைய இழுத்து வெளிய போட்டுட்டு புது மிக்ஸ்சர உள்ள வரவழைக்கும். இந்த "சரியான நேரம்" எந்த ஆர்பிஎம்ல வரும்னு முடிவு பண்றது ஹெடரோட நீளமும், நாலு பைப்பும் சேருற கலெக்டரும். பின்னாடி டப்பாவுக்கு இதுல பங்கு ரொம்ப கம்மி. அதனாலதான் ஸ்லிப்-ஆன் போட்டா பவர் ஒண்ணு ரெண்டு குதிரை ஏறுனா பெரிசு, உண்மைல கிடைக்கிறது வெயிட் குறையுறதும் சத்தமும் மட்டும்தான். என் வண்டில ரெண்டு பக்கமும் சேத்து நாலஞ்சு கிலோ குறைஞ்சுது, அதுவும் வண்டியோட பின்பக்கம் வெளிய தொங்குற வெயிட்டு, அதனால பார்க்கிங்ல தள்ளும்போதே தெரிஞ்சுது.

நேரா ஒரு பேச்சு சொல்றேன், டூரிங்க்கு ஸ்லிப்-ஆன் போதும். ஃபுல் சிஸ்டம் போட்டா பெரும்பாலும் புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போயிடும், பியூசி (புகை சர்டிஃபிகேட்) எடுக்கப் போகும்போது வயித்துல புளி கரைக்கும், ஈசியூ (இன்ஜின ஓட்டுற கம்ப்யூட்டர்) உள்ள எவ்ளோ பெட்ரோல் விடணும்னு இருக்குற மேப்ப மாத்தணும், செலவு மூணு மடங்கு. ஆனா சில பைக்ல வேற வழியே இருக்காது. 2017க்கு அப்புறம் வந்த நின்ஜா 650 எடுத்துக்கோங்க, மஃப்ளரே இன்ஜினுக்கு அடியில ஒளிஞ்சிருக்கு, அதுல பின்னாடி டப்பான்னு தனியா ஒண்ணு வெளிய தொங்கல, அதுக்கு வர்ற செட்டு பெரும்பாலும் ஃபுல் சிஸ்டம்தான்.

மெட்டீரியல் பத்தி சுருக்கமா: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெயிட்டு ஆனா அடி தாங்கும். டைட்டானியம் லேசு, சூட்டுல நீலமும் ஊதாவுமா கலர் புடிக்கும், அழகுதான். கார்பன் ஸ்லீவ் சூட்ட கொஞ்சம் உள்ளயே வச்சுக்கும், பை வச்சு ஓட்டுறவங்களுக்கு அது நல்லது, ஆனா வண்டி ஒரு தடவ சாஞ்சா விரிசல். அக்ராபோவிச், யோஷிமுரா, ஆரோ, லியோவின்ஸ்னு பேரு போட்ட டூப்ளிகேட் ஊர் முழுக்க கிடக்கு, எடுத்து ஆட்டி பாருங்க, உள்ள ஏதாவது கடகடன்னா வச்சுட்டு வந்துடுங்க. வெல்டிங் கோட்ட பாத்தாலே பாதி தெரிஞ்சிடும், அசல்ல காசு அடுக்கி வச்ச மாதிரி ஒரே சீரா இருக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி டேப் எடுங்க

ஸ்போர்ட் டூரர்ல எல்லாரும் கோட்டை விடுற இடம் இதுதான். ரேஸ் பைக்குல சைலன்சர் எங்க வேணா நீட்டிக்கிட்டு இருக்கலாம், நம்ம வண்டில ரெண்டு பக்கமும் பேனியர் (சாமான் வைக்கிற பக்கவாட்டு பை) வருது, பின்னாடி ஒருத்தர் உக்காருறாங்க.

நான் பண்ண கூத்த சொல்றேன். சாஃப்ட் பேனியர் மாட்டிக்கிட்டு வால்பாறை போனேன். ஆழியார்ல இருந்து 40 ஹேர்பின் பெண்டு, முழுக்க ரெண்டாவது மூணாவது கியர், காத்தே படாது, சைலன்சர் கொதிக்குது. வீட்ல பாக்கும்போது பையோட அடிக்கும் டப்பாவுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம் இருந்துச்சு, ஆனா பை காலியா இருந்துச்சு. அதுல எட்டு கிலோ துணிய அடைச்சதும் பை தொங்கி டப்பா மேலயே உக்காந்துருச்சு. மேல போய் இறங்கி பாத்தா பையோட அடி உருகி உள்ள இருந்த லுங்கில வட்டமா ஒரு ஜன்னல். அதனால பைய முழுசா ரொப்பி மாட்டி, பின்னாடி ஒரு ஆள உக்கார வச்சு, அப்புறம் அளங்க. குறைஞ்சது அஞ்சு சென்டிமீட்டர் இடைவெளி வேணும். ஹார்டு பேனியர்னாலும் அடிப்பக்கம் பிளாஸ்டிக்தான், அலட்சியம் வேண்டாம்.

அதே மாதிரி பின்னாடி உக்காருறவங்க ஷூ குதிகால் எங்க வருதுன்னு பாருங்க. ஸ்டாக் (கம்பெனி குடுத்த) சைலன்சர்ல ஹீட் ஷீல்டு இருக்கும், வெளி செட்டுல பல சமயம் இருக்காது. என் வீட்டம்மாவோட ஷூ சோல் லேசா ஒட்டிக்கிச்சு, அதுக்கு நான் புது ஷூ வாங்கிக் குடுத்தது சைலன்சர் பட்ஜெட்ல சேராத செலவு. சென்டர் ஸ்டாண்ட் இருக்குற வண்டின்னா இன்னொண்ணு, சில மாடல்ல ஸ்டாண்ட மடக்கும்போது அது போய் முட்டி நிக்கிற ரப்பர் ஸ்டாப்பர் சைலன்சர்லயே இருக்கும், அத கழட்டுனா ஸ்டாண்ட் மேல ஏறி செயின்ல உரசும். புது செட்டுல அதுக்கு இடம் இருக்கான்னு கேட்டுக்கோங்க.

சாமான்

பேடாக் ஸ்டாண்ட் (பின் சக்கரத்த தூக்கி நிறுத்துற ஸ்டாண்ட்), சாக்கெட் செட், நல்ல ஆலன் கீ (மலிவான ஆலன் கீ போல்ட் தலைய வட்டமாக்கிடும்), டார்க் ரென்ச், டபிள்யூடி ஃபார்ட்டி மாதிரி ஏதாவது துரு இளக்கி, காப்பர் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் போகாம இருக்க தடவுற பேஸ்ட்), ஸ்பிரிங் புல்லர் (சில செட்டுல பைப் ஜாயின்ட்ட புடிச்சிருக்குற ஸ்பிரிங்க இழுத்து மாட்ட), புது கேஸ்கெட், கிழிஞ்ச பனியன் துணி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால். ஸ்பிரிங் புல்லர் இல்லன்னா பழைய கிளட்ச் கேபிள்ல ஒரு வளையம் போட்டு ஸ்க்ரூடிரைவர்ல மாட்டி இழுங்க, வேலை நடக்கும், கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கோங்க, ஸ்பிரிங் தெறிச்சா எங்க போகும்னு அதுக்கே தெரியாது.

ஸ்லிப்-ஆன் மாத்துறது

முந்தின நாள் ராத்திரியே கிளாம்ப் போல்ட்லயும் ஹேங்கர் போல்ட்லயும் துரு இளக்கிய அடிச்சு விட்டுடுங்க. ஈசிஆர் பக்கம் வீடுன்னா ரெண்டு ராத்திரி, உப்புக்காத்து அந்த போல்ட்ட வெல்டிங் வச்ச மாதிரி புடிச்சு வச்சிருக்கும்.

காலைல இன்ஜின் ஜில்லுனு இருக்கும்போது ஆரம்பிங்க. பைக் பேடாக் ஸ்டாண்ட்ல, பை கழட்டியாச்சு. எதையும் தொடுறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுங்க, முக்கியமா ஹேங்கர் போல்ட்ல காலர், ரப்பர், வாஷர் எந்த வரிசைல இருக்குன்னு. முதல்ல மிடில் பைப்பும் சைலன்சரும் சேருற இடத்துல இருக்குற கிளாம்ப லூஸ் பண்ணுங்க, முழுசா கழட்ட வேண்டாம். அப்புறம் ஒரு கையால சைலன்சர தாங்கிக்கிட்டே பில்லியன் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்ல இருக்குற ஹேங்கர் போல்ட்ட எடுங்க. வரிசைய மாத்தி பண்ணுனா டப்பாவோட மொத்த வெயிட்டும் அந்த மெல்லிசான பைப்புல தொங்கும். இப்ப டப்பாவ இடதும் வலதுமா திருகிகிட்டே பின்னாடி இழுங்க. வரலன்னா ரப்பர் சுத்தியால லேசா தட்டுங்க, பொறுமை, அது வரும்.

பழைய கேஸ்கெட் கிராஃபைட்டு மாதிரி கருப்பா, தூள் தூளா இருக்கும். அத சுரண்டி எடுத்துட்டு புதுசு போடுங்க. நூறு ரெண்டு நூறு ரூபா மிச்சம் புடிக்க பழசையே போட்டா அங்க காத்து லீக் ஆகும், அப்புறம் த்ராட்டில விடும்போதெல்லாம் பட் பட்டுனு வெடிக்கும், நீங்க மேப்பிங் சரியில்லன்னு ஈசியூ காரன தேடிக்கிட்டு திரிவீங்க.

புது டப்பாவ உள்ள தள்ளி, எல்லா போல்ட்டையும் கையால மட்டும் ஏத்துங்க. ரெண்டு சைலன்சர் இருக்குற வண்டில இங்கதான் நேரம் போகும். அஞ்சாறு அடி பின்னாடி போய் நின்னு பாருங்க, ரெண்டும் ஒரே உயரத்துல, ஒரே கோணத்துல இருக்கணும், ஒண்ணு வானத்த பாத்துக்கிட்டு இன்னொண்ணு ரோட்ட பாத்துக்கிட்டு இருந்தா சிக்னல்ல பின்னாடி நிக்கிறவன் கண்ணுக்கு அதுதான் தெரியும். டேப் வச்சு நம்பர் பிளேட் போல்ட்ல இருந்து ரெண்டு பக்கமும் அளங்க. சரின்னு ஆனதும் முன்னாடி இருந்து பின்னாடி டைட் பண்ணுங்க, கிளாம்ப் முதல்ல, ஹேங்கர் கடைசில. ஹேங்கர் போல்ட் ஓட்டைக்குள்ள தானா போய் உக்காரணும், நீங்க டப்பாவ அமுக்கி புடிச்சு போல்ட்ட ஏத்துனீங்கன்னா அந்த இழுவிசை வெல்டிங்லயே இருக்கும், ரெண்டாயிரம் கிலோமீட்டர் அதிர்வுல பிராக்கெட் விரிசல் விடும். வெல்டிங் விட்டு வர்ற முக்கால்வாசி கேஸு இப்படித்தான்.

ஃபுல் சிஸ்டம்னா கூடுதல் வேலை

சைடு ஃபேரிங் (பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடி) ரெண்டையும் கழட்டணும். ரேடியேட்டரோட கீழ் போல்ட்ட எடுத்துட்டு முன்னாடி சாய்ச்சு ஒரு துணியால கட்டி வைங்க, கூலண்ட் வடிக்க தேவையில்ல, ஹோஸ் இழுபடாம பாத்துக்கிட்டா போதும்.

ஆக்சிஜன் சென்சர வெட்டு விட்ட சாக்கெட்டால கழட்டுங்க, அதுக்கு முன்னாடி கனெக்டர புடுங்கிடுங்க, இல்லன்னா ஒயர் முறுக்கிக்கும். திரும்ப போடும்போது மரையில மட்டும் ஆன்டி-சீஸ் தடவுங்க, முனைல ஒரு சொட்டு கூட படக்கூடாது. இன்னொரு விஷயம், லீக்க அடைக்கிறேன்னு சிவப்பு கலர் சிலிக்கான் பேஸ்ட கண்ட எடத்துல பூசாதீங்க, சிலிக்கான் ஆவி சென்சர கொன்னுடும்.

ஹெடர் நட்டுதான் உயிர் போற இடம். அந்த நட்டு ஏறுற ஸ்டட்டு (தலையில்லாத போல்ட்) அலுமினிய ஹெட்டுக்குள்ள இருக்கு, வருஷக்கணக்கா சூடாகி ஆறி துருப்புடிச்சு இறுகி இருக்கும். ரெண்டு மூணு ராத்திரி ஊற விட்டு, முதல்ல டைட் பண்ற பக்கம் ஒரு இழை அசைச்சு, அப்புறம் லூஸ் பண்ணி, திரும்ப டைட் பண்ணி, இப்படி ஆட்டி ஆட்டி எடுங்க. நான் அவசரப்பட்டு ரென்ச்ல பைப்ப சொருகி ஒரே இழு இழுத்தேன், "டக்"னு ஒரு சத்தம், ஸ்டட்டு பாதி கையோட வந்துருச்சு. மிச்சத்த எடுக்க லேத்துக்காரர் ஒரு நட்ட அது மேல வெல்டிங் வச்சு, சூடு ஆறுறதுக்குள்ள திருகி எடுத்தார். அவர் வாங்குன கூலியோட அவர் பாத்த பார்வைதான் ஜாஸ்தி வலிச்சுது.

பைப்ப எடுத்ததும் ஒவ்வொரு போர்ட்டுக்குள்ளயும் (இன்ஜின்ல இருந்து புகை வெளிய வர்ற ஓட்டை) டார்ச் அடிச்சு பாருங்க, பழைய ரிங் கேஸ்கெட் அங்கயே ஒட்டிக்கிட்டு இருக்கும், போர்ட்டோட பாகம்னு நெனச்சு விட்டுட்டு அது மேலயே புதுச போடுறவங்க நெறைய பேரு. நாலையும் எடுங்க, ஓரத்துல கீறல் விழாம. புதுச துளி கிரீஸ் வச்சு ஒட்டுங்க, இல்லன்னா பைப்ப தூக்கும்போது கீழ விழுந்துட்டே இருக்கும். நாலு ஹெடரையும் கையால மாட்டி, கலெக்டர், மிடில் பைப், டப்பா எல்லாத்தையும் லூசா கோத்து, முழு சிஸ்டமும் சும்மா உக்காந்ததும் ஹெடர் நட்ட நடுவுல இருந்து வெளிப்பக்கமா, மாத்தி மாத்தி, ரெண்டு ரவுண்டுல டைட் பண்ணுங்க. ஜப்பான் பைக்ல பெரும்பாலும் இது 20 நியூட்டன் மீட்டர் பக்கத்துலதான் இருக்கும், ரொம்ப கம்மி, கைக்கு பத்தாத மாதிரியே தோணும், சர்வீஸ் மேனுவல் சொல்றத நம்புங்க, கைய நம்பாதீங்க. ஆயில் ஃபில்டரையும் ட்ரெயின் போல்ட்டையும் புது பைப் மறைக்குதான்னு இப்பவே பாத்துக்கோங்க.

மிடில் பைப்ல கேபிள் வச்ச வால்வ் இருக்குற வண்டின்னா, அத தூக்கிட்டா அந்த கேபிள இழுக்குற சர்வோ மோட்டார் தேடி தேடி மீட்டர்ல எஃப்ஐ (கோளாறுன்னு காட்டுற) லைட்ட எரிய விடும். அதுக்கு ஒரு எலிமினேட்டர் டம்மி கிடைக்கும், சும்மா கனெக்டர மட்டும் புடுங்கி விட்டா வேலைக்கு ஆகாது.

முதல் ஸ்டார்ட்

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எல்லா பைப்பையும் ஆல்கஹாலால தொடைங்க. கையில இருக்குற எண்ணெய் டைட்டானியத்துலயோ ஸ்டீல்லயோ பட்டு சூடு ஏறுச்சுன்னா உங்க கைரேகை ஆயுசுக்கும் அங்க இருக்கும். கட்டாயம் வெளிய வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க, மூடுன ஷெட்டுல வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. பத்து பதினஞ்சு நிமிஷம் லேசா புகை வரும், ஃபேக்டரி எண்ணெய் எரியுறது, பயப்படாதீங்க. லீக் பாக்க, ஸ்டார்ட் பண்ண உடனே பைப் சூடாகுறதுக்குள்ள ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சோப்பு தண்ணி தெளிங்க, நுரை வந்தா லீக்கு. முழுசா ஆற விட்டு ஒரு தடவ டார்க் செக், நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு இன்னொரு தடவ. இத யாரும் செய்யறதில்ல, அதனாலதான் ஹைவேல அனாதையா கிளாம்ப் போல்ட் கிடக்குது.

பெட்ரோல் மேப்

ஸ்லிப்-ஆனுக்கு தேவையில்ல. நிதானமா ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சர் பாத்து ஈசியூவே காத்துக்கும் பெட்ரோலுக்கும் 14.7க்கு 1ங்கிற விகிதத்துல புடிச்சு வச்சிக்கும். ஃபுல் சிஸ்டம்ல த்ராட்டில் முழுசா தொறக்கும்போது ஈசியூ சென்சர பாக்காம மனப்பாடமா வச்சிருக்குற மேப்ப வச்சுதான் ஓடும், காத்து ஓட்டம் மாறிட்டதால அங்க பெட்ரோல் பத்தாம போய் சூடு ஏறும், அதனால ஈசியூ ஃப்ளாஷோ (உள்ள இருக்குற மேப்பையே மாத்தி எழுதுறது) பவர் கமாண்டரோ (வெளிய இருந்து பெட்ரோல் அளவ மாத்துற டப்பா) வேணும், டைனோல (நின்ன இடத்துலயே ஓட்டி பவர அளக்குற மெஷின்) வச்சு. இன்டர்நெட்ல வேற ஊர்க்காரன் வண்டிக்கு போட்ட மேப்ப எடுத்து போடுறது அடுத்தவன் கண்ணாடிய போட்டுக்கிட்டு படிக்கிற மாதிரி.

த்ராட்டில விடும்போது லேசா பட் பட்டுன்னா அது நார்மல், எரியாத பெட்ரோல் சூடான பைப்புல போய், போர்ட்டுக்குள்ள புகை குறைக்க விடுற காத்தோட சேந்து எரியுது. துப்பாக்கி மாதிரி வெடிச்சா லீக்க தேடுங்க.

அப்புறம்

டப்பாவுக்குள்ள இருக்குற கண்ணாடி இழை எரிஞ்சுகிட்டே வரும். சத்தம் தகர டப்பா மாதிரி ஆனாலோ வெளி ஸ்லீவ் முன்னவிட ஜாஸ்தி சூடானாலோ ரீபேக் பண்ணுங்க, ரிவெட்ட எடுத்துட்டு புது பஞ்சு சுத்துறதுதான், அரை நாள் வேலை. ஹீட் ரேப் சுத்துறவங்க இருக்காங்க, நம்ம ஊர் மழைல அது ஈரத்த புடிச்சு வச்சு ஸ்டீல அரிச்சிடும், எனக்கு இஷ்டமில்ல.

ஸ்டாக் சைலன்சர எக்காரணம் கொண்டும் விக்காதீங்க. வண்டிய விக்கும்போது கேப்பாங்க, 15 வருஷத்துல ஆர்சி ரினியூவல்ல கேப்பாங்க. துடைச்சு, எண்ணெய் தடவி, ரெண்டு வாயையும் துணியால அடைச்சு சாக்குல சுத்தி பரண்ல போடுங்க, இல்லன்னா பல்லி குடும்பம் நடத்தும். அடைச்ச துணில ஒரு சிவப்பு ரிப்பன வெளிய தெரியுற மாதிரி கட்டுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு மாட்டும்போது எடுக்க மறந்து "பைக் ஸ்டார்ட்டே ஆகல"ன்னு நிக்காம இருக்க. கழட்டுன போல்ட், காலர், ரப்பர் எல்லாத்தையும் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு அதே சாக்குக்குள்ள வைங்க.